எறையூருக்கும் எட்டட்டும் அந்தக் கண்!

பல் வலித்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரிந்துவிடும். தேள் கொட்டினால் தெருவே திரண்டுவிடும். கல்லீரலிலே புற்று முளைத்தால்? உடையவனுக்கே தெரியாது! உண்பான், உழைப்பான், உறங்குவான். உள்ளே அது வளரும். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, மருத்துவமனை வாயிலிலே வந்து நிற்கும்போது, "ஏனப்பா, இத்தனை நாள் எங்கே இருந்தாய்?" என்பார் மருத்துவர். வலிக்காத நோய்க்கு எவன் வருவான், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு?

எறையூர் சர்க்கரை ஆலைத் தோழர்களை எண்ணித்தான் இதை எழுதுகிறோம். கரும்பு வெட்டுவோர், பாரம் ஏற்றுவோர், ஆலைக்குள்ளே அனலிலே நிற்போர்! அசதி என்றால், "அரவைக் காலம், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். பசியில்லை என்றால், "பித்தம்" என்பார்கள். கண் மஞ்சளித்தால் மந்திரிப்பவனைத் தேடுவார்கள். வேப்பிலை வீசுவான் அவன். காசும் போகும், காலமும் போகும்.

கீழாநெல்லி போதாதா என்று கேட்போரும் உண்டு. கீழாநெல்லியை நாம் இகழவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசன் குழுவினர், 'பி' வகைக் காமாலைக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கையும் உடன் சேர்த்துக்கொண்டு, அந்தச் செடியை ஆராய்ந்து 1988இல் 'லான்செட்' ஏட்டிலே எழுதினார்கள். நம்பிக்கையூட்டும் முடிவு! ஆனால் பிறகு வேறிடங்களிலே நடந்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. ஆராய்ந்து பார்த்து, நிலைக்கவில்லை என்று சொன்னார்களே, அது அறிவு. அதன் பிறகும் அரைத்துக் குடித்துவிட்டு, ஆறு மாதம் காத்திருப்பது எதிலே சேர்த்தி?

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் கருவி இன்று இருக்கிறது. எம்.ஆர்.ஐ. என்கிறார்கள். எக்ஸ்ரே கதிர் அல்ல, காந்தத்தின் வேலை. அமெரிக்காவிலே லாட்டர்பர் 1973இல் வழி கண்டார். இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டு அதை வளர்த்தார். 2003இல் இருவருக்கும் நோபல் பரிசு. எனினும் வெறும் படத்திலே ஈரலும் சாம்பல், கட்டியும் சாம்பல்! அதற்காகவே காடோலினியம் என்னும் உலோகம் கலந்த மருந்தைக் கை நரம்பிலே ஏற்றுகிறார்கள்.

உழவனுக்கு இதை விளக்குவது எளிது. ஈரல் ஒரு வயல். அதற்கு இரண்டு பாசனம். குடலிலிருந்து வரும் பெரிய வாய்க்காலிலே ஏறத்தாழ முக்கால் பங்கு இரத்தம். தமனி என்ற சிறிய வாய்க்காலிலே மீதிக் கால் பங்கு. புற்றுக் கட்டி என்ன செய்கிறது? தமனியிலே திருட்டு மடை வெட்டிக்கொள்கிறது! மருந்தின் முதல் அலை தமனி வழியே வரும் அந்தச் சில வினாடிகளிலே, திருடன் மட்டும் பளிச்சென்று ஒளிர்கிறான். அடுத்த ஓரிரு நிமிடங்களிலே பெரிய வாய்க்காலும் பாய்ந்து வயல் முழுவதும் ஒளிரும்போது, திருடன் மங்கிவிடுகிறான். முன்னே மின்னல், பின்னே மங்கல்; அதுதான் அடையாளம். காடாக்ஸெடிக் அமிலம் என்றொரு மருந்து, அமெரிக்காவிலே 2008இல் ஒப்புதல் பெற்றது. அதிலே பாதியளவை நல்ல ஈரலே உறிஞ்சிக்கொள்கிறது. 20 நிமிடம் கழித்துப் படம் எடுத்தால் ஈரல் வெளுத்து நிற்கும். புற்று, பெரும்பாலும், பயிர் பட்டுப்போன பாத்தியைப் போலக் கருத்துக் கிடக்கும். சாதாரண ஸ்கேன் தவறவிடக்கூடிய சுண்டைக்காய் அளவுக் கட்டியும் இதிலே சிக்கக்கூடும்.

அந்த அளவிலே கண்டால் வெட்டி எடுக்கலாம், ஊசி நுழைத்துச் சுட்டுக் கருக்கலாம், தக்கவருக்கு மாற்று ஈரலும் பொருத்தலாம். அப்படிச் சிகிச்சை பெற்றோரில் பாதிப்பேருக்கு மேல் 5 ஆண்டு கடந்து வாழ்கிறார்கள். முற்றிய பிறகு கண்டாலோ, மாதக் கணக்குத்தான்!

"ஊருக்கெல்லாம் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேலி பேசுவார்கள். இல்லை ஐயா, இல்லை! 'பி', 'சி' கிருமி உள்ளவர்கள் யார், குடியாலோ கொழுப்பாலோ ஈரல் தழும்பேறியவர்கள் யார் என்று இரத்தம் பார்த்து, ஸ்கேன் பார்த்துப் பட்டியல் எடுங்கள். ஈரல் தழும்பேறியோருக்கும், 'பி' கிருமி உள்ளோரில் மருத்துவர் குறிப்பிடுவோருக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை சாதாரண ஸ்கேன். அதிலே ஐயம் எழுந்தால், அல்லது சரியாகத் தெரியாவிட்டால், அப்போது அந்தப் பெரிய கருவி. சிறுநீரகம் கெட்டவரும் உடலிலே இதயக் கருவி பொருத்தியவரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வழி வேறு.

'பி' கிருமிக்கான தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கு வந்தது 2011இல். இன்று ஆலையிலே உழைக்கும் தோழரில் பெரும்பாலோர் அதற்கு முன்னே பிறந்தவர்கள்! 2018 சூலை 28இல் மைய அரசு தொடங்கிய திட்டத்திலே சோதனையும் மருந்தும் இலவசம் என்கிறார்கள். எறையூரிலே எத்தனை பேருக்கு அது தெரியும்? பெரம்பலூர் மக்காச்சோளத்துக்குப் பேர்பெற்ற மாவட்டம். நனைந்து பூசணம் பூத்த சோளத்திலும் கடலையிலும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு ஊறும் என்பதை எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள்? 2003 முதல் மதுவைச் சில்லறையிலே விற்பதும் அரசுதான். அந்த வரவிலே ஒரு பங்கை ஈரலுக்கே திருப்பித் தரச் சொல்வது பேராசையா?

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வரவேற்கிறோம். அந்தப் பையிலே 'பி', 'சி' சோதனைக்கும் இடம் வேண்டும் என்கிறோம். காப்பீட்டு அட்டை அறுவைக்கு உதவுவது போல, நோயை முன்கூட்டி அறியவும் தடையின்றி உதவ வேண்டும் என்கிறோம். படம் எடுக்கப் போகும் நாளுக்கு ஆலையிலே சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்கிறோம்.

கிளைத் தோழர்களே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். எந்த அரசு மருத்துவமனையிலே இந்தப் படம் எடுக்கிறார்கள், எந்தக் கிழமை, சீட்டு யார் தருவார், கட்டணம் எவ்வளவு, யாருக்கு இலவசம் என்று நல்ல தமிழிலே எழுதிச் சுவரிலே ஒட்டச் சொல்லுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதி போட்ட ரசீதும் கேட்டு வாங்குங்கள்.