'போட் போயிட்டு' என்று முடிவெடுக்க முதல்



2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு எங்கட பக்கத்துப் பல வீடுகளில் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. பழைய ஒஃபிஸ் கம்பியூட்டர் ஒன்றை வாங்கி, ரெம் ஒன்று கூட்டிப் போட்டு, ஹோலில் இருக்கிற டிவியில் கொழுவி விட்ட பெட்டி. பிள்ளை பாடம் பார்ப்பதும், உம்மா பயான் கேட்பதும், வெளிநாட்டில் நிற்கிற வாப்பாவின் முகம் பார்த்துக் கதைப்பதும் அதில்தான்.

இதில் ஒருநாள் படம் வராது, அல்லது சத்தம் வராது. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: "போட் போயிட்டு." பெட்டி அலுமாரிக்கு மேல் ஏறிவிடும், இல்லாவிட்டால் புதுசு வாங்கக் கடன் கேட்கிற கதை தொடங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. கடல் தொழிலையும் கூலி வேலையையும் நம்பியிருக்கிற குடும்பத்துக்கு அதற்குப் பிறகு ஒரு கம்பியூட்டர் வாங்குவது லேசான காரியம் இல்லை.

நான் பார்த்த அளவில், படமும் சத்தமும் சம்பந்தப்பட்ட கோளாறுகளில் அதிகமானவை வயரிலும் செட்டிங்கிலும்தான் இருக்கின்றன. காசு செலவழிக்க முதல் அரை மணித்தியாலம் ஒழுங்காகத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அந்தத் தேடலைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

படம் வரவில்லையா? டிவியில் சரியான எச்டிஎம்ஐ இலக்கம் தெரிவாகி இருக்கிறதா பாருங்கள். பெட்டியில் தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் போட்டிருந்தால் வயரை அந்தக் கார்டில்தான் குத்த வேண்டும். போட்டில் உள்ள ஓட்டையில் குத்தினால் பெரும்பாலும் படம் வராது. ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால் ரெம்மைச் சந்தேகியுங்கள். எங்கட உப்புக் காற்றுக்கும் மணல் தூசுக்கும் அதன் பொன்னிறப் பல்லில் அழுக்குப் படியும். புத்தளத்திலும் மன்னாரிலுமாக இரண்டு வீடு வைத்திருக்கிற குடும்பங்கள் பெட்டியை பஸ்ஸில் கொண்டுவரும்போது ரெம் இளகியும் விடும். பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றி, ரெம்மை எடுத்து, சுத்தமான அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, கிளிப் பூட்டும் வரை திரும்ப அழுத்துங்கள்.

தொடக்கத்தில் படம் வந்து, விண்டோஸ் ஏறியதும் மறைந்தால் போட்டில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. டிவி ஏற்காத அளவில் படம் போகிறது. வேறு மொனிட்டரில் கொழுவி, 1920 x 1080, 60 ஹேர்ட்ஸ் என்று வைத்துவிட்டு மறுபடி டிவியில் போட்டுப் பாருங்கள்.

படம் உண்டு, சத்தம் இல்லையா? விஜிஏ வயரில் படம் மட்டும்தான் போகும்; சத்தத்துக்குத் தனி வயர் வேண்டும். எச்டிஎம்ஐயில் இரண்டும் போகும், ஆனால் கம்பியூட்டரின் சவுண்ட் செட்டிங்கில் டிவியைத் தெரிவு செய்திருக்க வேண்டும். டிவியைப் பிந்திப் போட்டால் சில பெட்டிகள் அதை அடையாளம் காணாது. முதலில் டிவி, பிறகு கம்பியூட்டர். பாட்டுச் சத்தம் பெரிதாக வந்து பேச்சு மட்டும் கிணற்றுக்குள் இருந்து கேட்பது போல் இருந்தால், பெட்டி ஆறு ஸ்பீக்கருக்குச் சத்தம் பிரித்து அனுப்புகிறது, டிவியில் இருப்பதோ இரண்டு. செட்டிங்கில் ஸ்டீரியோ என்று மாற்றினால் பேச்சு திரும்ப வரும்.

வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போனால் புளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிப் பாருங்கள். விஎல்சியில் பார்ப்பவர்கள் ஜே, கே எழுத்துகளை அழுத்திச் சத்தத்தை முன்பின் நகர்த்தலாம். படம் விக்கி விக்கிப் போனால் டவுன்லோட் செய்த வீடியோ ஒன்றைப் போடுங்கள். அது ஒழுங்காக ஓடினால் குறை இன்டர்நெட்டில். அதுவும் விக்கினால் பெட்டிக்குப் பாரம் கூடிவிட்டது. 720க்குக் குறைத்து, ஃபேன் தூசையும் தட்டுங்கள்.

ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் எர்த்தைக் கவனியுங்கள். சிலர் இரைச்சலை நிறுத்த எர்த் முள்ளை உடைத்து விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்டியின் தகரத்தில் கரண்ட் கசிந்தால் உயிரைக் காப்பது அந்த முள்தான். டிவி, பெட்டி, ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே சுவர்ப் பிளக்கில் இருந்து எடுங்கள். டிஷ் வயரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. கரண்டை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். கருகல் மணம் வந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள், என்ன பழுது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல தொழிலாளி கோபிக்கமாட்டார்.

எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயரையும் செட்டிங்கையும் ரெம்மையும் ஒன்றாக மாற்றினால் பெட்டி வேலை செய்தாலும் எதனால் வேலை செய்தது என்று தெரியாது. மாற்றியதைக் கொப்பியில் எழுதிப் போட்டுப் பாருங்கள். விஞ்ஞானப் பாடத்தில் பரிசோதனை என்று நாங்கள் கற்பிப்பதும் இதைத்தான்.

ஆசிரியராக எனக்கு இருக்கிற கவலையும் இதில்தான். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கிற பிள்ளை ரெம்முக்கு வரைவிலக்கணம் பிழையில்லாமல் எழுதும். அதே பிள்ளை வீட்டுப் பெட்டியைத் தொடப் போனால் "உடைச்சுப் போடுவாய், விடு" என்று நாங்கள் தடுக்கிறோம். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், நானாமார்தான் பார்க்க வேண்டுமாம். பொறுமையாகத் தேடுகிற பழக்கம் பரீட்சைத் தாளில் மட்டும் வராது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அலுமாரிக்கு மேல் பெட்டி இருந்தால் இந்த வார லீவில் இறக்குங்கள். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மகளையும் மகனையும் பக்கத்தில் இருத்தி, அவர்கள் கையாலேயே தேடச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ வயர், ரெம் என்று உபரியாக வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள். சோதித்துப் பார்க்கக் கேட்பவருக்கு இரவல் கொடுப்போம். பழுது எங்கே என்று கண்டுபிடித்த பிள்ளைகளும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதட்டும். அடுத்த வீட்டுக்கு அது உதவும், இன்ஷா அல்லாஹ்.