கணினி அமைப்புகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்

காஜாங் வட்டாரத்தில் பல்கலைக்கழகங்களுக்குப் பஞ்சமில்லை. பாங்கியில் யுகேஎம், அருகிலேயே யுனிடென், செமினியில் நாட்டிங்ஹாம். இங்கே மடிக்கணினி இல்லாத மாணவரைப் பார்ப்பது அரிது. ஆனால், வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அதைக் கடைசி வரை பயன்படுத்துவோர் பலர். இரவில் திரை வெளிச்சம் கண்ணைக் கூசினாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். இயங்கலை வகுப்பில் ஒலிவாங்கி வேலை செய்யாவிட்டால் நண்பரைத் தேடுகிறார்கள். தமிழில் எழுத வேண்டுமென்றால் கைப்பேசியில் தட்டி, புலனம் வழியாகக் கணினிக்கு அனுப்பி, நகலெடுத்து ஒட்டுகிறார்கள்.

இதற்குச் சோம்பல் காரணமல்ல. வேண்டிய அமைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாததே காரணம். 1985இல் வந்த முதல் விண்டோஸிலேயே கண்ட்ரோல் பேனல் இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஓர் அமைப்புப் பகுதியைத் திறந்தது. இன்றும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எது எதில் இருக்கிறது என்று தேடியே பலர் களைத்துப் போகிறார்கள்.

அடிக்கடி தேவைப்படும் அமைப்புகளுக்கு டெஸ்க்டாப்பில் குறுக்குவழி வைத்துக்கொள்வதே இதற்கு எளிய தீர்வு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதைச் செய்யலாம். டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கு செய்து, ‘நியூ’, ‘ஷார்ட்கட்’ என்று செல்லுங்கள். திறக்கும் பெட்டியில் எம், எஸ் ஆகிய இரண்டு எழுத்துகள், ஒரு சிறுகோடு, செட்டிங்ஸ் என்ற சொல், முக்காற்புள்ளி, அதன்பின் பக்கத்தின் பெயர் என ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். பெயர் ‘நைட்லைட்’ என்றால் இரவொளி அமைப்பு திறக்கும். ‘டிஸ்ப்ளே’ என்றால் திரை அமைப்பு. ‘ரீஜன்லாங்குவேஜ்’ என்று சேர்த்து எழுதினால் மொழி அமைப்பு. குறுக்குவழி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுமே தவிர, தானாக எதையும் மாற்றாது. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. வேறு மென்பொருள் எதையும் பதிவிறக்கம் செய்யவும் தேவையில்லை.

இவற்றுள் மொழி அமைப்பு நமக்கு மிக முக்கியம். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கியது முரசு அஞ்சல். அஞ்சல் முறையில் ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டே தமிழைத் தட்டலாம். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. இன்று இந்த இரண்டு முறைகளுமே விண்டோஸுக்குள் இருக்கின்றன. ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும், விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம். மலேசியத் தமிழர் ஒருவரின் உழைப்பு நம் கணினியிலேயே இருக்க, நாம் இன்னும் நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது.

“தேடல் பெட்டியில் தட்டினாலே அமைப்பு வந்துவிடுமே, குறுக்குவழி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். பெயர் தெரிந்தவருக்குத்தான் தேடல் உதவும். இரவொளி என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் எதைத் தேடுவார்? கண்ணெதிரே இருந்தால்தான் அது பழக்கமாகும். அதற்காகத் திரை முழுவதும் குறுக்குவழிகளை நிரப்ப வேண்டாம். நான்கைந்து போதும்.

கணினிப் பாடத்தில் நிரலாக்கம் கற்கும் மாணவர், தம் கணினியின் ஒலிவாங்கியைச் சரிசெய்யப் பிறர் கையை எதிர்பார்ப்பது முறையல்ல. இடைநிலைப்பள்ளிக் கணினிக் கழகங்கள் ஒரு சந்திப்பை இதற்கென ஒதுக்கலாம். பல்கலைக்கழக மாணவர்களே, அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது தம்பி தங்கையின் கணினியில் மொழி அமைப்புக்கு ஒரு குறுக்குவழியை உருவாக்கிக் கொடுங்கள். பத்து நிமிட வேலைதான். அடுத்த தமிழ்க் கட்டுரையை அவர்கள் நேரே கணினியிலேயே எழுதுவார்கள்.