தம்பிக்காம்மா?

ரிச்சி தெருவில் ராம் கேட்டவள் என் மகள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "தம்பிக்காம்மா?" என்றார். கேமிங் கணினி என்றால் தம்பிக்குத்தான். தூசி துடைக்க மட்டும் நாம்.

8 ஜிபி ராம் இரண்டு வாங்கினாள். மதர்போர்டின் நான்கு ஸ்லாட்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகினால்தான் இரண்டும் தனித்தனித் தடத்தில் ஓடும் என்று கையேட்டைப் படித்து நோட்டில் குறித்தாள். புது கிராஃபிக்ஸ் கார்டைப் பழைய 450 வாட் பவர் சப்ளை தாங்குமா என்ற கூட்டல் கணக்கும் அதில் இருக்கிறது. 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ராம் 2133இல் ஓடியதைக் கண்டுபிடித்து, பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கிச் சரிசெய்த தேதியும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தவர்களிடம் "பையன் அசெம்பிள் பண்ணினது" என்றவர் அவளைப் பெற்ற அப்பா. பொய் சொல்லும் எண்ணமில்லை. வாய் அப்படிப் பழகியிருக்கிறது.

பழக்கம் பழையது. எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்கள், கையேடே இல்லாமல் சுற்று வரைபடங்களைப் படித்துக் கற்றவர்கள். 1946 பிப்ரவரியில் அது உலகுக்குக் காட்டப்பட்டபோது ஓடியது அவர்கள் எழுதிய நிரல். அன்றிரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை.

"இதையெல்லாம் எதுக்கு எழுதி வைக்கிறே?" என்று அவளைக் கேட்கிறார்கள். பால் கணக்கு எழுதினால் பொறுப்பானவள். ராம் கணக்கு எழுதினால் தம்பட்டமா?

அடுத்து எஸ்எஸ்டி மாற்றப் போகிறாள். பக்கம் ஒதுக்கியாயிற்று. அட்டையில் அவள் பெயரோடு அந்த நோட்டு இனி வரவேற்பறை மேசையில்தான் கிடக்கும்.