நல்ல கிருமிக்கும் மதில் வேண்டும்

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நமக்கும் பெருமைதான். ஆனால் அந்த மதிலுக்குக் கீழே நாற்று நடும் பெண்கள் காலையில் தூக்கில் கொண்டுவருவது பழைய சோறும் நீராகாரமும்தான். அதைப் பற்றியே இங்கு பேச வேண்டும்.

அந்தச் சோற்றைப் புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். கிருமி என்றாலே நோய் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. புளித்த பாலில் உள்ள கிருமிகள் குடலுக்கு நன்மை செய்யும் என்று அன்றைய ருஷ்யப் பேரரசில் பிறந்த விஞ்ஞானி மெச்னிக்கோவ் நூறாண்டுக்கு முன்பே சொன்னார். 1908ல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

ஆனால் இரைப்பையில் கடும் அமிலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பித்தநீர். விழுங்கிய கிருமிகளில் பல குடலை எட்டுமுன்பே மடிகின்றன. ஆகவே விஞ்ஞானிகள் அவற்றுக்குக் கவசம் போடுகிறார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கரைசலில் கிருமியைக் கலந்து, கால்சியம் உப்புக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி போன்ற மணிகள் உருவாகும். அமிலத்தில் அவை கரையாமல் நிற்கும். குடலில் நெகிழ்ந்து கிருமியை வெளியே விடும். மதில் மட்டும் போதாது. வேண்டிய இடத்தில் கதவும் திறக்க வேண்டும் அல்லவா?

இந்தப் பாசியை எடுப்பது யார்? இராமநாதபுரம் கடலில் மூச்சடக்கி மூழ்கும் பெண்கள். இந்த ஆராய்ச்சிக்குப் பணம் தருவது யார்? மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நம் வரிப்பணத்தில் நடப்பது. பாலின் தெளிநீர்ப் புரதத்தால் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற கிருமிக்குக் கவசமிட்டுச் சோதித்த முடிவை அதன் விஞ்ஞானிகள் 2011ல் வெளியிட்டார்கள்.

அதே இனத்தின் வேறொரு வகையை ஒடிசா கிராமங்களில் பச்சிளங் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 4,556 குழந்தைகள் பங்குகொண்ட அந்தச் சோதனையின் முடிவு 2017ல் வெளிவந்தது. மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குக் கடும் தொற்றோ மரணமோ நேர்ந்தது, பெற்றவர்களில் 5.4 பேருக்கு. அது கவசத்தைச் சோதித்ததல்ல, கிருமியைச் சோதித்தது. ஆனாலும் ஏழைக் குழந்தையின் உயிர் இதில் இருக்கிறது என்பதை அது காட்டியது.

உழைப்பும் பணமும் நம்முடையவை. பலன் மட்டும் அழகான டப்பாவில் அடைபட்டு, கூலிக்காரன் கைக்கு எட்டாத விலையில் மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கலாமா?

பொதுத்துறையால் முடியாது என்பார்கள். 2008ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கும் கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசிக் கூடத்துக்கும் உரிமத்தை நிறுத்தியபோதும் இதையேதான் சொன்னார்கள். எதிர்ப்பு எழுந்தது, 2010ல் உரிமம் திரும்பி வந்தது.

நாம் கேட்பது இது. பயன் நிரூபணமானவற்றைப் பொதுத்துறையே தயாரித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கடையில் விற்பவர்கள் எந்த வகைக் கிருமி, எத்தனை உயிரோடு, எந்தத் தேதி வரை என்பதைத் தமிழில் அச்சிட வேண்டும். வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல்தான். அதை மறக்கடித்து விலை கூடிய பொட்டலத்தைத் தலையில் கட்டுவதை அனுமதிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், சேரிக்கும் காலனிக்கும் சுத்தமான குடிதண்ணீர் வேண்டும். அசுத்தத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டு நல்ல கிருமியைப் பற்றிப் பேசுவதில் என்ன நியாயம்?

விஞ்ஞானம் கவசத்தைச் செய்து கொடுத்துவிட்டது. அதை நம் குழந்தைகளிடம் கொண்டுவந்து சேர்ப்பது நாம் ஒன்றுசேர்ந்து செய்ய வேண்டிய வேலை.