பத்துக்குப் பத்து அறைக்கு இருநூறு வாட் எதற்கு?

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைக்கு பாஸ் கிட்டார் வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்து ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் பெற்றோர் யாராவது இருந்தால் முழுதும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மற்றவர்கள், அப்படி ஒருவரைத் தெரிந்தால் அவருக்கு அனுப்பி வையுங்கள்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். ஆட்டோ ஓட்டுகிறார். மகன் பதினொன்றாம் வகுப்பு. சர்ச் பாடகர் குழுவில் பாஸ் வாசிக்கப் பழகுகிறான்.

"சார், கடையில இருநூறு வாட் பொட்டிதான் வாங்கணும்னு சொல்லுதாங்க. அதுக்குக் கொறஞ்சா பாஸ் சத்தமே வராதாம். நாப்பத்தஞ்சாயிரம். இவ வளையல வச்சிரலாம்ங்கா. வாங்கட்டுமா சார்?"

அவர் வீடு எனக்குத் தெரியும். பையன் வாசிக்கப் போவது பத்துக்குப் பத்து அறை. பக்கத்து வீட்டுக்கும் அதே சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. எங்கே வைத்து வாசிக்கப் போகிறான் என்று கடையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக இருநூறு வாட்!

வாங்காதே என்று சொன்னேன். ஏன் என்பதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் ஒலிப்பொறியாளன் அல்ல. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியன். ஆனால் எண்பதுகளில் சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பாஸ் வாசித்தவன், முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவன். இந்த விஷயத்துக்கு அது போதும்.

முதலில் இந்த 'வாட்' மூடநம்பிக்கை. இருபது வாட் பெட்டியைவிட இருநூறு வாட் பெட்டி பத்து மடங்கு சத்தம் தரும் என்று நினைக்கிறோம். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சக்தியைப் பத்து மடங்கு கூட்டினால் ஒலி அளவு 10 டெசிபல் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் கேட்கும். சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு. சாதாரண ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் சுமார் 90 டெசிபல் விழும். நாம் பேசிக்கொள்ளும் சத்தம் சுமார் 60. அதாவது வீட்டு அறையில் பையன் பயன்படுத்தப் போவது ஒரு வாட்டுக்கும் குறைவு. மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பது வாட்டுக்கு வளையலை அடகு வைக்க வேண்டுமா?

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. சட்டம் வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அம்மா வந்துவிடுவார், அது வேறு.

"பாஸ் என்றால் பெரிய பெட்டி வேண்டாமா சார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான்கு கம்பி பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்புவது சுமார் 41 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி 82. அந்த 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல், ஏறத்தாழ 27 அடி. உங்கள் அறையோ பத்தடி. எவ்வளவு பெரிய பெட்டி வைத்தாலும் அந்த ஒலி அறைக்குள் ஒழுங்காக நிற்காது. ஒரு மூலையில் குமுறும், இன்னொரு இடத்தில் காணாமல் போகும். சுவரையும் தாண்டும். நம் பிள்ளை வாசிக்கும் பாட்டு பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, 'தும் தும்' மட்டும் கேட்கும். சண்டை வருவது அதனால்தான்.

சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் பலமாக வராதுதான். ஆனால் அதன் மடங்குகளான 82, 123 எல்லாம் வரும். அவற்றை வைத்து அடி ஸ்வரம் எது என்று மூளை தானே கண்டுபிடித்துக்கொள்ளும். செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கும்போதும் பாஸ் எங்கே போகிறது என்று நமக்குப் புரிகிறதே, எப்படி? பழகுவதற்கு எட்டு அங்குல ஸ்பீக்கர் தாராளம்.

அடுத்த வசனம்: "நாளைக்கு மேடைக்கும் ஆகும் சார்." பெற்றோரை விழ வைப்பது இந்த ஒரு வாக்கியம்தான். மேடையில் என்ன நடக்கிறது? பாஸ் கிட்டாரின் ஒயர் டி.ஐ. பாக்ஸ் வழியாக மிக்ஸருக்குப் போகிறது. அங்கிருந்து ஊருக்கே கேட்கும் ஸ்பீக்கர்களுக்குப் போகிறது. சர்ச்சிலும் பல இடங்களில் இதுதான் ஏற்பாடு. அமெரிக்காவில் அறுபதுகளில் மோட்டவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பாஸ், ஆம்ப் இல்லாமல் நேராகப் பதிவு மேசைக்கே போனது. அந்தப் பாட்டுகளை உலகமே இன்றும் கேட்கிறது. டிரம்ஸோடு ஒத்திகை பார்க்கும்போது இருபத்தைந்து வாட் அமுங்கிப் போகும், உண்மை. ஆனால் டிரம்ஸ் இருக்கும் ஒத்திகை இடத்தில் பெரிய பெட்டியும் பெரும்பாலும் இருக்கும். உங்கள் வீட்டில் டிரம்ஸ் இல்லை.

கடைக்காரரை மட்டும் திட்டினால் போதாது. எதிர்க்கட்சியில் ஒரு கூட்டம் இருக்கிறது. "ஆம்ப் எல்லாம் வீண் செலவு, சும்மாவே வாசிக்கட்டும்" என்கிற அப்பாக்கள். உங்களுக்கும் சொல்கிறேன். ஆம்ப் இல்லாமல் பழகும் பிள்ளை, தன் காதுக்கே கேட்கவில்லை என்று கம்பியை அடித்துப் பிய்க்கும். கை கெட்டுப்போகும். பாஸ் வாசிப்பில் பாதி வேலை, வாசிக்காத கம்பியை அதிராமல் அமுக்கி வைப்பது. ஆம்ப் இல்லாவிட்டால் எந்தக் கம்பி தேவையில்லாமல் அதிர்கிறது என்று தெரியவே தெரியாது. ஒரு வருடம் அப்படிப் பழகிவிட்டு மேடைக்குப் போனால் எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கேட்கும். அப்புறம் அதைத் திருத்த இரண்டு வருடம்.

வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டரில் சொருகலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண பாஸ் கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் மிக மெலிந்தது. அதற்கென்று அமைந்த இன்புட் வேண்டும். ஹோம் தியேட்டரில் நேராகச் சொருகினால் மங்கலாகத்தான் கேட்கும். சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் ஸ்பீக்கர் கிழியும். புளூடூத் ஹெட்போனும் வேண்டாம். விரல் பட்டு, ஒலி காதுக்கு வர விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதமாகும். தாளம் பழகவே முடியாது. ஒயர் உள்ள ஹெட்போன்தான் சரி.

அப்படியானால் என்ன வாங்குவது?

கையில் காசு மிகவும் குறைவென்றால், கிட்டாரிலேயே சொருகிக்கொள்ளும் ஹெட்போன் ஆம்ப் போதும். வாக்ஸ் ஆம்ப்ளக் பாஸ் அந்த வகை. சில ஆயிரத்தில் முடியும். நள்ளிரவில் வாசித்தாலும் யாருக்கும் தெரியாது. காதில் சத்தத்தை மட்டும் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்னும் கொஞ்சம் முடியும் என்றால், 15 முதல் 30 வாட் வரை, எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள பாஸ் ஆம்ப். ஃபெண்டர் ரம்பிள் 15, ரம்பிள் 25, ஆரஞ்சு கிரஷ் பாஸ் 25, ஆம்பெக் ஆர்.பி.108 எல்லாம் இந்த ரகம். எந்தக் கம்பெனிக்காரரும் எனக்கு டீ கூட வாங்கித் தந்ததில்லை. நல்ல நிலையில் பழையது கிடைத்தால் அதுவே போதும்.

கடையில் இவற்றைப் பாருங்கள்:

1. ஹெட்போன் துளை உண்டா? சொருகியதும் ஸ்பீக்கர் அடங்குகிறதா? இது இல்லாத பெட்டி வீட்டுக்கு ஆகாது.

2. செல்போனைச் சேர்க்க ஆக்ஸ் துளை உண்டா? இளையராஜா பாட்டைப் போட்டுவிட்டு, அதில் பாஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போவதைக் கூடவே வாசித்துப் பழகுவதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

3. சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோங்கள். வால்யூமைக் குறைத்து வைத்து வாசித்துக் கேளுங்கள். கடைக்காரர் கூட்டி வைத்துத்தான் காட்டுவார். வீட்டில் வாசிக்கப் போவது குறைந்த சத்தத்தில். அதில் தெளிவாகக் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. தடித்த கம்பியை வாசிக்கும்போது பெட்டி கடகடவென்று அதிர்ந்தால் வேண்டாம்.

4. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பெட்டி என்றால் பின்பக்கம் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகாதீர்கள். அன்றோடு அதன் கதை முடிந்தது. தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

5. வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பெட்டியின் எர்த் ஒயர் வழியாகக் கிட்டார் கம்பி வரைக்கும் வருகிறது. பிள்ளையின் விரல் இருப்பது அந்தக் கம்பியில். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் சொருகுகிற நம் ஊர்ப் பழக்கம் உயிரோடு விளையாடுவது. மிச்சமான பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

வாங்கி வந்தபின் அறை மூலையில் தரையில் வைக்காதீர்கள். குமுறும். ஒரு ஸ்டூலில், காதை நோக்கி வையுங்கள். சத்தத்தைக் கூட்டாமலே தெளிவாகக் கேட்கும்.

பெரிய பெட்டி வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். இரண்டாவது வாரம் அப்பா, "கொறைடா" என்று கத்துவார். மூன்றாவது மாதம் பெட்டிக்கு மேல் துணி மடித்து வைத்திருப்பார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நஷ்டம் பணம் மட்டும் இல்லை. வாசிக்க ஆசைப்பட்ட ஒரு பிள்ளை, தன்னால் வீட்டில் கடனும் சண்டையும் வந்தது என்று நினைத்துக்கொண்டு அந்தக் கிட்டாரைத் தொடாமலே போய்விடுகிறது. அதுதான் என் கோபம்.

கடைக்கார நண்பர்களே, பெரிய பெட்டி விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "எங்கே வைத்து வாசிக்கப் போகிறாய் தம்பி?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விற்கலாமே. அந்தப் பையன் தொடர்ந்து வாசித்தால் கம்பி, ஒயர், அடுத்த கிட்டார் எல்லாம் உங்களிடம்தானே வாங்குவான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதலாம். திட்டுவதாக இருந்தாலும் ஒற்றுப்பிழை இல்லாமல் திட்டுங்கள். பழைய வாத்தியார், கண்ணில் பட்டால் சிவப்பு மையைத் தேடுவேன்.