பராமரிப்பது உள்ளாட்சி, தீர்மானிப்பது யார்?

ஓர் ஊரின் எல்லையில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று வருகிறது என்றால், கட்டியவர் விற்றுவிட்டுப் போன பிறகும் அந்த ஊரின் உள்ளாட்சி அமைப்பு அதோடுதான் வாழ்ந்தாக வேண்டும். குப்பை அள்ளுவது, தெருவிளக்கு எரிவது, மழைநீர் வடிவது எல்லாம் அதன் பொறுப்பு. புதிய மனைப்பிரிவின் சாலைகள் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியிடமே வந்துசேர்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 10 சதவீத ஓஎஸ்ஆர் (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமும் அப்படியே. ஆனால், அந்த இடத்தில் அத்தனை வீடுகள் வரலாமா என்று ஆராயும் மேசை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ (சிஎம்டிஏ) நகர் ஊரமைப்பு இயக்ககத்திலோ இருக்கிறது. உள்ளாட்சியின் கையெழுத்து, பெரும்பாலும் எல்லாம் முடிவான பிறகு போடப்படும் கடைசிக் கையெழுத்து. இந்த வரிசை மாற வேண்டும். பெரிய குடியிருப்புத் திட்டம் எதுவானாலும், அனுமதிக்கு முன்பே உள்ளாட்சி மன்றம் அதைப் பொதுவில் விவாதித்து, தன் கருத்தை எழுத்தில் தர வேண்டும்.

அரசமைப்புச் சட்டம் இதற்கு எதிராக இல்லை. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தம் சேர்த்த 12ஆவது அட்டவணையில், நகராட்சிகளுக்கு வழங்கத்தக்க பணிகளின் முதல் இரண்டு இனங்களே நகர்ப்புறத் திட்டமிடலும், நிலப் பயன்பாட்டையும் கட்டுமானத்தையும் ஒழுங்குபடுத்துவதும்தான். தமிழ்நாட்டில் இந்த அதிகாரம் இன்னமும் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் வழியே, பெரும்பாலும் மாநிலத் துறைகளிடம் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதியாவது மக்களிடம் கேட்குமா என்றால், அதுவும் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதே அறிவிக்கை கட்டிடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கும் அளித்தது. சிமென்ட் ஆலை வருகிறது என்றால் பந்தல் போட்டு ஊராரின் ஆட்சேபத்தைக் கேட்கிறார்கள். ஆயிரம் குடும்பங்களுக்கான குடியிருப்புக்கு அப்படி ஒரு கூட்டம் கிடையாது.

இதன் விளைவைச் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) பார்க்கலாம். பெருங்குடி, காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி ஆகியவை 2011இல் மாநகராட்சியோடு இணைந்தபோது, மாநகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அதற்குள் அங்கே கோபுரங்கள் எழுந்துவிட்டன. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பின்னால்தான் வந்தன. இடைப்பட்ட காலத்தைத் தண்ணீர் லாரியும் கழிவுநீர் லாரியும் நிரப்பின. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், மழைநீர் எந்த ஏரியில் சேரும் என்ற கேள்விகளுக்கு வரைபடத்தில் விடை இருந்திருக்கலாம். அந்த விடை உண்மையா என்று சொல்லக்கூடியவர்கள், ஏரியின் கலங்கலும் ஓடையின் போக்கும் அறிந்த உள்ளூர்க்காரர்கள். அவர்களிடம் கேட்க நடைமுறையில் இடமில்லை.

உள்ளாட்சியின் கையில் கொடுத்தால் ஊழல் பெருகும் என்பது முதல் ஆட்சேபம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில், அதிகாரமே இல்லாமல் வாங்கிய முத்திரையை நம்பி மனை வாங்கியவர்கள் ஏராளம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்ததும், அடுத்த ஆண்டு அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்ததும் அதன் தொடர்ச்சியே. கேரளத்தில் கட்டிட அனுமதி தருவது உள்ளாட்சிதான். அங்கேயும் 2006இல் மரடு பஞ்சாயத்து கடலோர விதிகளைப் பொருட்படுத்தாமல் தந்த அனுமதியில் எழுந்த நான்கு குடியிருப்புகள், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஆனால் இந்த இரண்டு நிகழ்வுகளிலும் தவறு நடந்தது மூடிய அறையில்: ஓரிருவர் மேசையில், ஊருக்குத் தெரியாமல். அறையைத் திறப்பதுதான் அதற்கு மருந்து. மேலும், இங்கே கேட்பது அனுமதி தரும் அதிகாரத்தை அல்ல. தொழில்நுட்பத் தீர்ப்பு சிஎம்டிஏவிடமே இருக்கட்டும். மன்றத்தின் கருத்தை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று அது எழுத்தில் சொன்னால் போதும்.

தாமதமாகும், வீட்டு விலை ஏறும் என்பது அடுத்த ஆட்சேபம். இங்கிலாந்தில் பெரிய திட்டங்களை உள்ளாட்சி மன்றக் குழு பொதுவில் அமர்ந்து முடிவு செய்கிறது. அதற்கான 13 வாரக் கெடு பலமுறை கடந்துபோவதும், வீடுகளின் பற்றாக்குறைக்கு இந்த முறையையே பலர் குறைசொல்வதும் உண்மை. ஆகவே கெடு கறாராக இருக்க வேண்டும்: 30 நாளில் மன்றம் கருத்துச் சொல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று கொள்ளலாம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் சொந்த வீடு கட்டுவோருக்கு 2024இல் வந்த சுயசான்று முறையை இது தொடவே கூடாது. ஏழைகளுக்கான குடியிருப்பை ‘எங்கள் பகுதியில் வேண்டாம்’ என்று தடுக்க இது வழியாகிவிடும் என்ற அச்சமும் நியாயமானது. அதனால்தான் மன்றம் பேச வேண்டியதைக் குடிநீர், கழிவுநீர், வெள்ள வடிகால், சாலை, குப்பை ஆகிய ஐந்தோடு நிறுத்த வேண்டும். யார் குடிவருகிறார்கள் என்பது அதன் வரம்பில் இல்லை.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டாம். ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. நகரங்களில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022இலேயே விதிகள் வந்துவிட்டன. செய்ய வேண்டிய நேரமும் இதுதான்: சிஎம்டிஏவின் எல்லை அதே ஆண்டு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த நிலத்தில் பெரும்பகுதி இன்னும் ஏரியும் வயலும் ஊராட்சியுமாகவே இருக்கிறது. ஓஎம்ஆரில் காலம் கடந்துவிட்டது. அங்கே இனிச் செய்வதெல்லாம் பழுதுபார்ப்பு. திருவள்ளூரிலும் காஞ்சிபுரத்திலும் மனைப்பிரிவுக் கற்கள் நடப்படுவதற்கு முன்பே ஊரைக் கேட்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அதற்குச் செலவு ஒரு மாத அவகாசம். கேட்காமல் விட்டால் வரும் செலவை ஊராட்சியும், கடன் வாங்கி வீடு வாங்கியவரும் ஆண்டுக்கணக்கில் கட்ட வேண்டியிருக்கும்.