இமயமலை எங்கே, பாப்பிரெட்டிப்பட்டி எங்கே: நம்ம ஊரிலும் நிலம் அதிருமா?

"நம்ம பக்கம் பாறை பூமி, பூகம்பமெல்லாம் வராது." தர்மபுரி மாவட்டத்தில் பலரது நம்பிக்கை இது. ஆனால், 2018 ஜூலையில் தர்மபுரி, சேலம் மாவட்டங்களில் லேசான நில அதிர்வு உணரப்பட்டது. நிலத்தட்டுகள் மோதும் இமயமலை, பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்து 1,500 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. அப்புறம் எப்படி இங்கே அதிர்கிறது?

காரணம் என்ன?

இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. அந்த அழுத்தம் தட்டின் உட்பகுதிக்கும் பரவுகிறது. தர்மபுரி, சேலம் வட்டாரப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவற்றுக்குள் பழைய பிளவுகள் உண்டு. அழுத்தம் தாங்கும் அளவைத் தாண்டினால், பிளவின் இரு பக்கமும் சட்டென்று வழுக்கும். அதுதான் அதிர்வு.

தட்டின் நடுப்பகுதியில் அழுத்தம் மிக மெதுவாகச் சேரும். அதனால் பெரிய அதிர்வுகளுக்கு இடையே பல தலைமுறைகள் கடந்துவிடும். 'தாத்தா காலத்திலும் வரலையே' என்பது இதனால்தான் உத்தரவாதம் ஆகாது. 1900 பிப்ரவரியில் கோவைப் பகுதியில் சுமார் 6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டதை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

கில்லாரி சொன்ன பாடம்

மகாராஷ்டிராவின் லாத்தூர் மாவட்டம் கில்லாரியும் எல்லையிலிருந்து வெகுதூரம்தான். அப்போதைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, 6.2 அளவு நிலநடுக்கத்தில் சுமார் 10,000 பேர் இறந்தனர். மண்ணால் பூசி அடுக்கிய கனமான கல் சுவர்களும் மண் கூரைகளும் தூங்கியவர்கள் மேல் சரிந்ததே பெரும் உயிரிழப்புக்குக் காரணம்.

தர்மபுரிக்கு என்ன?

2002-இல் திருத்தப்பட்ட வரைபடம் தர்மபுரியை மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துப் பகுதியில் வைத்தது. நாளைக்கே நிலநடுக்கம் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. எப்போது வரும் என்று யாராலும் நாள் குறிக்கவும் முடியாது. எந்த அளவு அதிர்வைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பதற்கான வழிகாட்டி அது.

புது வீடு கட்டுபவர்கள் ஜன்னல், கதவுக்கு மேல் லிண்டல் கான்கிரீட்டை நான்கு சுவரையும் சுற்றி ஒரே பட்டையாகப் போடலாம். சுவர் மூலைகளில் செங்குத்தாகக் கம்பி வைக்கலாம். கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டிய பழைய வீட்டில் இருப்பவர்கள், விரிசல் விட்ட சுவரைப் பொறியாளரிடம் காட்டிச் சரிசெய்வது நல்லது. நிலத்தடிப் பிளவை யாரும் அடைக்க முடியாது. சுவரைப் பலப்படுத்துவது நம்ம கையில் இருக்கிறது.